டெய்லர் குறை சொல்லாத நாள்

நல்ல நோயாளி என்றால் யார் என்று எந்த வார்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மருத்துவப் புத்தகத்தில் அதற்குப் பதில் இருக்காது. ஆனால் டியூட்டி மாறும் நேரத்தில் நர்சுகள் பேசிக்கொள்வதைக் கேட்டால் தெரிந்துவிடும். மணி அடிக்காதவர் நல்ல நோயாளி. இன்னொரு போர்வை கேட்காதவர், ஊசி குத்தும்போது முகம் சுளிக்காதவர், டாக்டர் எப்போது வருவார் என்று நச்சரிக்காதவர் எல்லோரும் தங்கமானவர்கள். தலைக்கு மேல் வேலை கிடக்கிற இடத்தில் தங்கம் என்றால் தொந்தரவு கொடுக்காதது என்றுதான் அர்த்தம். அதற்காக யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு மனிதர் தங்கமாகிப் போன அன்றைக்குத்தான் சாகக் கிடந்தார் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

எலும்பு முறிந்தவர்களுக்கான அந்த ஆண்கள் வார்டில் அவளுக்குச் சின்ன சிஸ்டர் என்று பெயர். வயது நாற்பதைத் தாண்டி, காதோரம் நரையும் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆனாலும் தலைமை நர்ஸ் ஒருவர் பெரிய சிஸ்டராக இருந்ததால், இவள் சின்ன சிஸ்டராகவே நின்றுபோனாள். கைராசிக்காரி. நரம்பு கிடைக்கவில்லை என்று மற்றவர்கள் குத்திக் குத்திக் கைவிட்ட கையில், இவள் ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. வேலையில் பம்பரம், வாயில் நையாண்டி. அவள் டியூட்டியில் இருந்தால் வார்டு கலகலப்பாக இருக்கும் என்று நோயாளிகளே சொல்வார்கள்.

அந்த வார்டுக்கு வந்து சேர்ந்தார் டெய்லர். கடையில் மேல்தட்டில் இருந்த துணிக்கட்டை எடுக்க ஸ்டூலில் ஏறியவர், ஸ்டூலோடு கீழே வந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். மயக்க மருந்து தெளிந்ததும் முதல் வேலையாகச் சின்ன சிஸ்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"சிஸ்டர், உங்க சட்டையில வலது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு. யாரு தைச்சது? கண்ணை மூடிக்கிட்டு தைச்சானா?"

அதோடு விடவில்லை. டாக்டரின் கோட்டில் காலர் படியவில்லை என்றார். ஜன்னல் திரைக்குத் துணியைக் குறுக்கே வெட்டியிருக்கிறார்கள் என்றார். வாய் ஓயவே ஓயாது. மனைவி சாப்பாடு கொண்டுவந்தால் தனிக் கச்சேரி நடக்கும்.

"சூப்புல உப்புப் போட்டியா, இல்ல உப்புல சூப்பு ஊத்தினியா?"

"பேசாம குடிங்க. இடுப்பு ஒடிஞ்சும் வாய் ஒடியல பாரு."

"வாய் ஒடிஞ்சா உனக்குத்தான் பொழுது போகாது."

இப்படி நாளெல்லாம் போகும். மனைவி காலையில் வந்தால் இருட்டும்வரை கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். அவர்கள் கடையில் பொத்தான் தைப்பதும் காஜா எடுப்பதும் அந்த அம்மாதான். கல்யாணமான நாளிலிருந்து ஒரே அறையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, தைத்துக்கொண்டே சண்டை போட்டு வாழ்ந்தவர்கள். மகன் வேறு ஊரில் வேலை. ஆபரேஷன் அன்று வந்து பார்த்துவிட்டு, "அம்மா கூட இருக்காங்கல்ல" என்று திரும்பிப் போயிருந்தான்.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த ஒருவர் கிடந்தார். அவருக்கு வார்டு வைத்த பெயர் முதலாளி. தலையணை தாழ்ந்துவிட்டது என்று மணி அடிப்பார். ஏன் தாமதம் என்று கேட்க மறுபடி அடிப்பார். டெய்லர் ஒரு பக்கம், முதலாளி ஒரு பக்கம். நடுவில் நர்சுகளுக்குக் காது புளித்துப்போனது.

அப்புறம் அந்த நாள் விடிந்தது.

அன்று ஆட்கள் குறைவு. ஒரு நர்ஸ் விடுப்பில் போயிருந்தாள், ஆபரேஷனுக்குப் போகவேண்டியவர்கள் வரிசையாக இருந்தார்கள், முதலாளி காலையிலிருந்தே மணியும் கையுமாக இருந்தார். இரவு டியூட்டி நர்ஸ் பொறுப்பை ஒப்படைக்கும்போது, "டெய்லர் நல்லா தூங்கினார். ஒரு தொந்தரவும் இல்லை" என்றாள். சின்ன சிஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டாள். பெரிய சிஸ்டர்கூடச் சிரித்துவிட்டார்.

காலைச் சுற்றில் டெய்லரின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஆபரேஷன் ஆனவருக்கு அது இருக்கும்தான் என்று நினைத்துக்கொண்டாள். காய்ச்சல் இல்லை. மூச்சை எண்ண நின்று நிதானிக்க வேண்டும். அதற்கு யாருக்குப் பொறுமை? எல்லோரும் எப்போதும் எழுதுகிற எண்ணையே அவளும் எழுதினாள். "வலி இருக்கா ஐயா?" என்றாள். அவர் தலையை அசைத்தார். அது ஆமாவா இல்லையா என்று பார்ப்பதற்குள் மணி அடித்தது. நினைவு தெளிவாக இருக்கிறது என்று குறித்துவிட்டு முதலாளியிடம் ஓடினாள்.

அந்த அம்மா சாப்பாட்டோடு வந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். நர்சுகள் மேசை முன்னால் வந்து நின்றார்.

"சிஸ்டர், அவரு ஒரு மாதிரியா இருக்காரு."

"என்னம்மா பண்ணுது? வலிக்குதாமா?"

"வலின்னு சொல்லல. நான் குடுத்ததை வாயில வாங்கிக்கிட்டாரு. நல்லா இருக்கு, இல்லன்னு ஒண்ணுமே சொல்லல. என்கூட சண்டையே போடல சிஸ்டர்."

மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சின்ன சிஸ்டர்தான் முதலில் சிரித்தாள். "அம்மா, ஊர்ல எல்லாரும் புருஷன் சண்டை போடுறான்னு புகார் குடுப்பாங்க. நீங்க போடலன்னு குடுக்குறீங்க. இப்படிப்பட்ட புருஷனை அப்படியே மடிச்சு பீரோவுல வச்சுக்குங்க" என்றாள். சிரிப்பு இன்னும் கூடியது. "தூங்கட்டும் விடுங்கம்மா. ஆபரேஷன் பண்ணின உடம்பு. ஓய்வு எடுத்தாதான் நல்லது" என்று தோளைத் தட்டி அனுப்பிவைத்தாள். நல்ல எண்ணத்தோடுதான் தட்டினாள். அதை நினைத்தால்தான் பின்னாளில் அவளுக்கு உடம்பெல்லாம் கூசும்.

மதியத்துக்கு முன்னால் அந்த அம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை குரல் இன்னும் தாழ்ந்திருந்தது. "ஒரே ஒருதரம் வந்து பாருங்க சிஸ்டர்." சின்ன சிஸ்டர் ஆபரேஷனுக்குப் போகிற ஒருவரைத் தள்ளுவண்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு வந்தாள். வந்தாள் என்றால் கட்டிலின் கால்மாட்டு வரைக்கும் வந்தாள். "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்று சத்தமாகக் கேட்டாள். டெய்லர் "ம்" என்றார். கண் பாதி மூடியிருந்தது. விரல்கள் மட்டும் போர்வையின் விளிம்பைக் கிள்ளுவதும் இழுப்பதும் விடுவதுமாக இருந்தன.

"பாருங்கம்மா, பழக்கம் விடுதா? தூக்கத்துலயும் போர்வைக்கு விளிம்பு அடிக்கிறாரு" என்றாள்.

போர்வையைக் கிள்ளுகிற விரல் எதன் அறிகுறி என்று அவளுக்குத் தெரியாதா? பயிற்சிக்கு வருகிற பெண்களுக்கு அவளே வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வயதானவர்களுக்கு உடம்பில் விஷம் ஏறினால் காய்ச்சல் வராமலும் இருக்கும், மூளைதான் முதலில் தடுமாறும், சில பேர் கத்துவார்கள், சில பேர் ஒடுங்கிப்போவார்கள், ஒடுங்கிப்போகிறவர்களைத்தான் கோட்டைவிடுவோம் என்று. இந்த இடம், இந்த நாள், எதிரே நிற்பது யார் என்று கேட்டுப் பாருங்கள் என்பாள். அன்றைக்கு அவளே அதைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். வேறு யாராவது அந்த விரல்களை அசைத்திருந்தால் அவள் பதறியிருப்பாள். அசைத்தது டெய்லர் என்பதால் தையல் என்று நினைத்துவிட்டாள்.

சாயங்காலம் உடற்பயிற்சி தருகிறவர் வந்து, டெய்லரை உட்காரவைக்கப் பார்த்தார். தூக்கி நிமிர்த்தினால் தலை தொங்கியது. "சிஸ்டர்!" என்று அவர் போட்ட சத்தத்தில் சின்ன சிஸ்டர் கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். கையைத் தொட்டாள். ஐஸ் மாதிரி இருந்தது. நாடி நூல் போல ஓடியது. பிரஷர் பாதியாக இறங்கியிருந்தது. மார்பு ஏறி இறங்குவதை இப்போது எண்ணினாள். எண்ணி முடிப்பதற்குள் டாக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினாள்.

அதற்கப்புறம் அவள் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆக்சிஜன் வைத்தாள், ஒடுங்கிப்போன நரம்பில் ஒரே குத்தில் ஊசி ஏற்றினாள், மருந்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள், டாக்டர் கேட்பதற்கு முன்பே ரத்தம் எடுத்து வைத்தாள். அடிவயிறு கல்லாகக் கிடந்தது. முதல்நாள் மூத்திரக் குழாயை எடுத்ததிலிருந்து அவர் சரியாகப் போகவே இல்லை. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. டாக்டர் அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, போகிறபோக்கில் கேட்டார்: "காலையிலேயே மந்தமா இருந்திருப்பாரே. யாருமே கவனிக்கலையா?"

யாரும் பதில் சொல்லவில்லை. சுவரோரம் நின்ற அந்த அம்மாவும் சொல்லவில்லை.

டியூட்டி முடிந்ததும் டெய்லரின் கண்ணாடி, செருப்பு, சாப்பாட்டுப் பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு சின்ன சிஸ்டர் மாடிக்குப் போனாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நீளமான பெஞ்சு. அதில் அந்த அம்மா. எதிரே மகன் நின்றுகொண்டிருந்தான். சட்டை கசங்கி, கண் சிவந்து, அப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறான் என்று தெரிந்தது.

"நாள் பூரா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தியேம்மா! ஒரு மனுஷன் கண்ணு முன்னால போய்க்கிட்டிருக்கான், உனக்குத் தெரியலையா? யார்கிட்டயாவது சொல்ல வேண்டாமா? வாய் இல்ல உனக்கு?"

அந்த அம்மா தலையைத் தூக்கினார். மகனுக்குப் பின்னால் பையோடு நின்ற சின்ன சிஸ்டரைப் பார்த்தார். இருவர் கண்களும் சந்தித்தன. சின்ன சிஸ்டர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

"எனக்கு என்னப்பா தெரியும். தூங்குறாருன்னு நினைச்சுட்டேன்" என்றார் அந்த அம்மா.

சின்ன சிஸ்டர் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தாள்கூட. "சாமான் இருக்கு" என்று மட்டும் வந்தது. பையை பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் படியில் இறங்கினாள். இறங்கும்போது அவளுக்கு முதலில் வந்தது ஒரு நிம்மதி. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவுக்காக அவள் தன்னை எந்நாளும் மன்னிக்கவில்லை.

வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். எதையும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தே பார்ப்பார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தம்மாவே சொல்லலைல்ல? பின்னால யாரும் ஹார்ன் அடிக்கல, நீயா ஏன் வண்டியை நிறுத்துற?" என்றார்.

"அவங்க என்கிட்ட ரெண்டு தடவை வந்து சொன்னாங்கங்க."

"ஆள் பிழைச்சுக்குவார்ல? பிழைச்சா எல்லாம் சரியாயிடும். நீ வாயைக் குடுத்து வேலைக்கு உலை வச்சுக்காத."

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டுக்கு அவள் சம்பளமும் வேண்டும். அவள் படுத்துக்கொண்டாள். கண்ணை மூடினால் விரல்கள் போர்வையைக் கிள்ளின.

டெய்லர் பிழைத்துக்கொண்டார். மருந்து வேலை செய்தது, பிரஷர் நிமிர்ந்தது, குழாய்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. சின்ன சிஸ்டர் தினமும் வேலை முடிந்து மாடிக்குப் போய்வந்தாள். போன ஒவ்வொரு நாளும் அந்த அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். "நீங்க அன்னைக்கு ஓடி வந்து பார்க்கலேன்னா என்ன ஆகியிருக்கும் சிஸ்டர்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு நாள் பழம் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்றால் கண் கலங்கினார். எவ்வளவு பெரிய மனசு, காட்டிக்கொடுக்காமல் இருக்கிறாரே என்று சின்ன சிஸ்டர் உருகிப்போனாள். பழத்தை வாங்கிக்கொண்டாள். பையிலேயே அது அழுகிப்போனது.

மகனோ அம்மாவோடு முகம் கொடுத்தே பேசவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு ஆளை அமர்த்தினான். டெய்லர் மறுபடி வார்டுக்கு, அதே ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்தபோது, பக்கத்து ஸ்டூலில் அந்த ஆள்தான் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் விருந்தாளி மாதிரி இருந்தார். டெய்லர் இளைத்து, முகம் பாதியாகி, கண்ணை மட்டும் அலையவிட்டு யாரையோ தேடினார். நாக்கு இன்னும் குழறியது. மகன் சின்ன சிஸ்டரிடம் வந்து, வீட்டுக்குப் போனபிறகு என்னென்ன பார்க்கவேண்டும் என்று விவரம் கேட்டான்.

"அம்மாகிட்டயும் சொல்லிடுறேன்" என்றாள் அவள்.

"அம்மாகிட்ட எதுக்கு? அப்பாவை நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அம்மா வேற ஊர்ல இருக்கிற எங்க அக்கா வீட்டுல இருக்கட்டும். இனிமே அவங்களை நம்பி அப்பாவை விடமுடியாது சிஸ்டர். பாசம் இருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா விவரம் பத்தாது."

சின்ன சிஸ்டர் வாசல் பக்கம் காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்தாள். எதிரும் புதிருமாக உட்கார்ந்து தைத்த இரண்டு பேர். ஒருவர் இந்த ஊரில், ஒருவர் அந்த ஊரில். பிழைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கணவர் சொன்னாரே, இதுவா சரியானது?

அந்த அம்மா கைகழுவும் இடத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். கழுவ அதில் ஒன்றுமே இல்லை. சாப்பாடு கொடுக்கிற வேலையும் இப்போது அந்த ஆளிடம் போய்விட்டது. சின்ன சிஸ்டர் பக்கத்தில் போய்க் குழாயை மூடினாள்.

"அம்மா, உங்க பையன் அப்பாவைக் கூட்டிட்டுப் போறேங்கிறாரே. தெரியுமா?"

"சொன்னான்."

"நீங்க ஏம்மா உண்மையைச் சொல்லல? என்கிட்ட வந்து சொன்னேன், அவதான் கேட்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. எனக்காக இவ்வளவு பழியை நீங்க ஏன் சுமக்கணும்? எனக்கு மனசே கேட்கலம்மா."

அந்த அம்மா அவளை விநோதமாகப் பார்த்தார். உங்களுக்காகவா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களைச் சொல்லிட்டு அவரை எங்க கொண்டுபோய் வைக்கிறது சிஸ்டர்? மாடியில இருந்து திரும்பி வந்தா நீங்கதானே ஊசி போடணும். நீங்கதானே புரட்டிப் போடணும், துடைச்சுவிடணும். எனக்கு நல்ல பேர் வேணும்னு உங்க மேல ஒரு சொல் சொல்லி, அதை மனசுல வச்சுக்கிட்டு நீங்க அவரைத் தொட்டா? நான் கண்டேனா? உங்க கையில இருக்காரும்மா அவரு."

பெரிய மனசு என்று அவள் நினைத்தது மனசே இல்லை, பயம். கும்பிட்டதும் பயம். பழம் கொடுத்ததும் பயம். அவளுக்குப் பிடித்த அந்த ஒரே குத்துக் கைராசி இருக்கிறதே, அந்தக் கையைப் பார்த்துத்தான் இந்த அம்மா இத்தனை நாளும் நடுங்கிக்கொண்டிருந்தார். இதைவிட அந்த அம்மா கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

நேராகப் பெரிய சிஸ்டரின் அறைக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அந்த அம்மா இரண்டு முறை வந்தது, தான் கால்மாட்டிலேயே நின்றது, மூச்சை எண்ணாமல் எழுதியது, எதையும் மறைக்கவில்லை. பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"விசாரணை வரும். தெரியும்ல?"

"வரட்டும் சிஸ்டர்."

"நானும்தான்டி அன்னைக்கு அங்க நின்னு சிரிச்சேன்" என்றார் பெரிய சிஸ்டர். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இப்ப உனக்கு என்ன பண்ணணும்?"

"என்னை இந்த வார்டுல இருந்து மாத்துங்க. இன்னைக்கே. அந்த ஐயாவை வேற யாராவது பார்க்கட்டும். அதுக்கப்புறம்தான் நான் அவங்க பையன்கிட்ட பேச முடியும்."

பெரிய சிஸ்டர் ஏன் என்று கேட்கவில்லை. ஃபோனை எடுத்துப் பேசினார். சின்ன சிஸ்டரைப் பெண்கள் வார்டுக்கு மாற்றி, டெய்லரின் கட்டிலை விடுப்பிலிருந்து திரும்பியிருந்த நர்ஸிடம் ஒப்படைத்தார். அன்று மேசையைச் சுற்றி நின்று சிரித்தவர்களில் இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

ஜன்னலோரக் கட்டிலருகே மகன் சாமான்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா வாசல் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, தள்ளியே நின்றார். சின்ன சிஸ்டர் முன்னுரை எதுவும் போடவில்லை.

"தம்பி, அன்னைக்கு அம்மா சும்மா உட்கார்ந்திருக்கல. காலையிலேயே என்கிட்ட வந்து, இவரு ஒரு மாதிரியா இருக்காருன்னு சொன்னாங்க. மதியத்துக்கு முன்னால மறுபடி வந்து கூப்பிட்டாங்க. நான்தான் காதுல போட்டுக்கல. உங்கப்பாகிட்ட முதல்ல வித்தியாசத்தைப் பார்த்தது அம்மாதான். பார்க்காம விட்டது நான்."

மகனின் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது. அவன் அம்மாவைப் பார்த்தான்.

"இல்லப்பா" என்றார் அந்த அம்மா அவசரமாக. முகம் வெளிறிப்போயிருந்தது. "சிஸ்டர் பெரிய மனசு பண்ணிச் சொல்றாங்க. நான் எங்க சொன்னேன்? எனக்கு என்ன தெரியும்? அவங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டாங்க. ரொம்ப நல்லா."

மகனுக்கு யாரை நம்புவது என்று தெரியவில்லை. சின்ன சிஸ்டர் அந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள். தொடவில்லை. தொடக் கை எழும்பியதை அடக்கிக்கொண்டாள்.

"அம்மா, நான் இனிமே இந்த வார்டுல இல்ல. என்னை மாத்தியாச்சு. ஐயாவுக்கு ஊசி போடப்போறது அதோ நிக்கிறாங்களே, அந்த சிஸ்டர். புரட்டிவிடப் போறதும் அவங்கதான். இனிமே என் விரல்கூட அவர்மேல படாது. அவரு என் கையில இல்லம்மா."

அந்த அம்மா அங்கே நின்ற நர்ஸைப் பார்த்தார். அவள் ஆமாம் என்று தலையசைத்தாள். கட்டிலில் கிடந்த கணவரைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு சின்ன சிஸ்டரைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல்முறையாகப் பயமில்லாமல் பார்த்தார்.

"சொன்னேன்ல?" என்றார்.

மெதுவாகத்தான் தொடங்கியது.

"சொன்னேன்ல உன்கிட்ட? காலங்காத்தால வந்து நின்னு சொன்னேன்ல? எத்தனை வருஷமா அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு எதிர்ல உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியாதா? சண்டை போடலன்னு சொன்னா உனக்குச் சிரிப்பா இருக்கு! பீரோவுல மடிச்சு வைக்கச் சொன்னியே, மடிச்சு வைக்கத்தானே இருந்தீங்க எல்லாருமா சேர்ந்து! கூப்பிட்டேன்ல? அவரு பக்கத்துல வந்து ஒரு கையைத் தொட்டுப் பார்த்தியா? கால்மாட்டுலயே நின்னுட்டுப் போனியே, அவரு என்ன தீண்டத்தகாதவரா?"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முதலாளி மணியில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். மகன் "அம்மா, அம்மா" என்று தோளைப் பிடித்தான். அந்த அம்மா அவன் கையை உதறிவிட்டார்.

"நீ பேசாத! வாய் இல்லையான்னு கேட்டல்ல? இருக்குடா. இருந்துச்சு. அவங்க எல்லாரும் சிரிச்சாங்க. படிச்சவங்க சிரிக்கிறாங்களேன்னு, பாவி நானும் அவங்ககூடச் சேர்ந்து சிரிச்சேன்டா. அவரு அங்க கிடக்காரு, நான் இங்க நின்னு சிரிச்சேன்."

குரல் உடைந்தது. ஆனால் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப "சொன்னேன்ல, சொன்னேன்ல" என்றே வந்துகொண்டிருந்தது. மகன் கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் அருகில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

மன்னிச்சுடுங்கம்மா என்ற சொல் சின்ன சிஸ்டரின் நுனி நாக்கு வரை வந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மா நிறுத்திவிடுவார், மரியாதைக்காகப் பரவாயில்லை என்றும் சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால் அந்த அம்மா திட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்று, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.